கையில் வாங்காத உப்பு

எனக்குப் பூமாரியைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சொந்தக்காரி என்பதால் தூக்கி எழுதிவிட்டாள் என்று நாளைக்கு ஒருத்தரும் என்னைப் பேசக்கூடாது. அவள் என் அண்ணன் ஆறுமுகச்சாமியின் பெண்டாட்டி. நான் கல்யாணம் வேண்டாம் என்று அண்ணன் வீட்டோடு இருந்துவிட்ட தொடக்கப்பள்ளி டீச்சர். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே குழாய். சங்கரன்கோவிலில் அந்தக் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று தெரிந்தவர்களுக்கு எங்கள் வீட்டுச் சண்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவளுக்கு வாய் பெரிது. தறிக்குழியில் உட்கார்ந்து, தறி அடிக்கிற சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த குரல். மெதுவாகப் பேசு என்றால் எனக்குத்தான் காது கோளாறு என்பாள். தப்பாக ஒன்றைச் சொன்னால் விடமாட்டாள், சரியாகச் சொன்னாலும் விடமாட்டாள். ஒரு தடவை குழம்பில் புளி கூடிவிட்டது என்று சொல்லிவிட்டேன். அந்த வாரம் முழுக்கப் புளியே இல்லாமல் சமைத்து வைத்துவிட்டு, நான் சாப்பிடுவதை எதிரே உட்கார்ந்து பார்த்தாள்.

இப்படிப்பட்ட வீட்டிலும் ஒன்று மட்டும் நடக்காது. உப்பைக் கையில் கொடுத்து வாங்க மாட்டோம். எனக்கு உப்பு வேண்டுமென்றால் அவள் சாடியைத் தரையில் வைப்பாள், நான் எடுத்துக்கொள்வேன். உப்பைக் கைக்குக் கை மாற்றினால் கொடுத்தவளுக்கும் வாங்கினவளுக்கும் சண்டை வரும். ஊருக்கே தெரிந்த விஷயம் இது. இருக்கிற சண்டை போதாதா என்று நாங்கள் இரண்டு பேருமே அதில் கவனமாக இருந்தோம்.

அந்த வாய் அவளுக்கு ஒரு நாற்காலியை வாங்கிக் கொடுத்தது. எங்கள் நெசவாளர் சங்கத்தில் கூலிப் பேச்சுக்கு என்று ஒரு கமிட்டி உண்டு. ஜவுளி முதலாளிகளோடு உட்கார்ந்து, சேலைக்கு இன்ன கூலி என்று பேசி முடிப்பது அதன் வேலை. அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவே பூமாரி ஒருத்தி. முதல் கூட்டத்தில் அவளுக்கு மட்டும் உட்கார இடம் இல்லை, சுவரோரம் நின்றுகொள் என்றுவிட்டார்கள். மறு கூட்டத்துக்கு அவள் ஓர் இரும்பு மடக்கு நாற்காலியைத் தலையில் சுமந்துகொண்டு போனாள். அதன் முதுகில் வெள்ளைப் பெயிண்டால் ‘பூமாரி’ என்று எழுதி வாங்கியிருந்தாள். அவளுடைய நகையெல்லாம் எப்போதோ அண்ணனின் கடனுக்குப் போய்விட்டது. சொத்து என்று சொல்லிக்கொள்ள அவளிடம் இருந்தது அந்த நாற்காலிதான்.

சங்கத் தலைவர் வக்கீல் சங்கரசுப்பிரமணியன். தறிக்குழிக்குள் ஒரு நாளும் கால் வைத்தவர் இல்லை. ஆனால் நெசவாளர் துயரம் என்று மைக்கில் ஆரம்பித்தால் கேட்கிறவர்களுக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும். அவர் தனியாகப் போய் முதலாளி வீட்டில் காபி குடித்துவிட்டு வருவார், வந்ததும் கூலி விஷயம் முடிந்துவிட்டது என்று அறிவிப்பார். எப்போதும் நாங்கள் கேட்டதைவிடக் குறைவாகவே முடிந்திருக்கும். ஒரு நாள் நிறைந்த கூட்டத்தில் பூமாரி எழுந்து, காபிக்குச் சீனி சரியாக இருந்ததா என்று அவரிடம் கேட்டாள். கூட்டம் சிரித்தது. அன்றைக்கே அந்த நாற்காலியைக் காலி செய்வது என்று வக்கீல் முடிவு பண்ணியிருப்பார். அதற்கு ஒரு சாக்குத்தான் வேண்டியிருந்தது.

எழுபத்தெட்டாம் வருஷம் ரஷ்யாவிலிருந்து அழைப்பு வந்தது. அப்போதெல்லாம் நட்புறவுக் கழகம் என்று ஊருக்கு ஊர் வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டு நெசவாளர்கள் ஒரு குழுவாக வந்து அங்கே ஒரு நெசவு ஊரைப் பார்க்க வேண்டும், குழுவில் தறியில் வேலை செய்கிற பெண் ஒருத்தி கட்டாயம் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். குழுவுக்குத் தலைவர் எங்கள் வக்கீல். அவர் தனக்குத் தோதான ஒரு பெண்ணை நினைத்து வைத்திருந்தார். கூட்டத்தில் கை தூக்கச் சொன்னபோது எல்லாரும் பூமாரிக்கே கை தூக்கினார்கள். அவர் முகம் புளியைக் கடித்த மாதிரி ஆகிவிட்டது.

போக வேண்டிய ஊரின் பேர் கோஸ்த்ரமா. வோல்கா நதிக்கரையில் இருக்கிற பழைய ஊர். என் பள்ளிக்கூட அட்லஸில் வோல்கா நீலக்கோடாக ஓடுகிறது, அந்த ஊரைக் காணோம். அப்படி ஓர் ஊரே இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்ற ஆசையில் பூதக்கண்ணாடி வைத்துக்கூடத் தேடினேன். எனக்கு வயிறு எரிந்தது. படித்தவள் நான், பூகோளம் நடத்துகிறவள் நான், போகிறவள் அவள். தெருவுக்கும் அதே எரிச்சல்தான். பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்கப் போலீஸ்காரர் வந்தபோது, அவள் புருஷனிடம் சண்டை போட்டு ஓடுகிறாள் என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒருத்தி சொல்லிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஞானபூரணம் மட்டும் தன்னுடைய சிவப்பு ஸ்வெட்டரைக் கொடுத்தாள். அதுவும் சாயம் போகாமல் திரும்பி வர வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அவர்கள் போன வழியை நான் பார்க்கவில்லை. ஆனால் மூன்று பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். வக்கீல் மைக்கில் சொன்னார், பூமாரி அடுப்படியில் சொன்னாள், குழுவில் போயிருந்த வாசுதேவநல்லூர் பெருமாள்சாமி அண்ணாச்சி, இந்த இரண்டு பேரும் இல்லாத இடமாகப் பார்த்துச் சொன்னார். நடந்தது மூன்றிலும் ஒன்றுதான். வசவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

கொல்லம் மெயிலில் மெட்ராஸ், அங்கிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து விமானம். சங்கரன்கோவில் ஸ்டேஷனில் வண்டி கிளம்பியதுமே வக்கீல் சட்டம் போட ஆரம்பித்துவிட்டாராம். தலையில் எண்ணெய் வழியக்கூடாது. சத்தமாகப் பேசக்கூடாது. கேட்டால் மட்டும் பதில், அதையும் அவரிடம் சொன்னால் அவர் இங்கிலீஷில் சொல்வார். உடம்புக்கு மருந்தாகும் என்று அவள் முடிந்து வைத்திருந்த கோயில் புற்றுமண் பொட்டலத்தைப் பார்த்து, வெள்ளைக்காரன் ஊரில் இதை எடுத்தால் காட்டுமிராண்டிகள் என்பான், வீசி எறி என்றாராம். அவள் வீசுகிற மாதிரி கையைக் காட்டிவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். விமானத்தில் கொடுத்த சாப்பாட்டில் எது என்ன என்று தெரியாமல், வீட்டிலிருந்து கொண்டுபோன எள்ளுப்பொடியைப் பிசைந்து அவள் சாப்பிட்டதும், வக்கீல் எழுந்து வேறு சீட்டுக்குப் போனாராம். மாஸ்கோ போய்ச் சேர்வதற்குள் அவர்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

மாஸ்கோவிலிருந்து யாரோஸ்லாவல் என்ற ஊருக்கு ரயில். அங்கிருந்து ஆற்றில் படகு. படகு என்றால் நாம் நினைக்கிற படகு இல்லை. பஸ் மாதிரி வரிசையாக சீட், கண்ணாடி ஜன்னல், ஓட ஆரம்பித்ததும் உடம்பைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு காலால் ஓடுகிற மாதிரி ஓடுமாம். அந்த வகைப் படகுக்கு அங்கே ராக்கெட் என்றுதான் பேர். பூமாரி ஊருக்கு வந்து, ராக்கெட்டில் போனேன் என்று சொன்னபோது தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அது நிஜமான பேர் என்று பெருமாள்சாமி அண்ணாச்சி சொன்ன பிறகும் யாரும் சிரிப்பை நிறுத்தவில்லை.

வோல்காவைப் பார்த்ததும் பூமாரிக்கு வந்தது கோபம். இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரையில் மாடு நிற்கிறதா ஆள் நிற்கிறதா என்று தெரியவில்லையாம். இத்தனை தண்ணீரை வைத்துக்கொண்டு இவர்கள் என்ன செய்கிறார்கள், ஒரு குடத்துக்கு நான் கோமதியோடு அடித்துக்கொள்கிறேனே என்று நினைத்தாளாம். கோமதி நான்தான். இதை என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

கோஸ்த்ரமாவில் படகுத்துறையிலிருந்து மேலே ஏறினால் கடைவீதி. நம் கோயில் பிரகாரம் மாதிரி வளைவு வளைவாக வெள்ளைத் தூண்கள், ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு கடை. ராஜா காலத்திலிருந்தே அப்படித்தானாம். கடைவீதிக்கு எதிரே ஒரு கோபுரம். சாமி எங்கே என்று கேட்டிருக்கிறாள். அது ஊரில் எங்காவது தீப்பிடித்தால் ஆள் ஏறி நின்று பார்ப்பதற்குக் கட்டியது என்றார்களாம். நெருப்புப் பார்ப்பதற்குத் தூண் வைத்துக் கோபுரம் கட்டுகிற ஊரில் துணி எப்படி நெய்வார்கள் என்று அவளுக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் இதெல்லாம் பிறகு பார்த்தது. துறையில் இறங்கிய உடனேயே அந்த உப்பு விஷயம் நடந்து முடிந்துவிட்டது.

துறையில் வரவேற்பு. செப்டம்பர் மாதக் குளிர், பாண்டு வாத்தியம், பத்திரிகை போட்டோகிராபர். ஆலையில் தறி ஓட்டுகிற பெண்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் நின்றவள் நல்ல உயரம், ஒரு பல் தங்கம். பேர் ஜினயீதா. பூமாரி வாயில் அது நுழையவில்லை, சீனித்தாய் என்று வைத்துக்கொண்டாள். அந்த அம்மாள் இரண்டு கையிலும் பூ வேலை செய்த துண்டை ஏந்தி, அதன் மேல் வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு ரொட்டி, ரொட்டியின் நடுவில் சின்னக் கிண்ணம் நிறைய உப்பு வைத்து நீட்டினாள். விருந்தாளியை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். ரொட்டியைப் பிய்த்து, அவள் கையில் இருக்கிற உப்பில் தொட்டுத் தின்ன வேண்டும். வக்கீல் தின்றார். பெருமாள்சாமி அண்ணாச்சி தின்றார். மற்றவர்களும் தின்றார்கள். கடைசியில் பூமாரியின் முறை வந்தது. அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“கீழ வைக்கச் சொல்லுங்க வக்கீலய்யா. நான் எடுத்துக்கிடுதேன்” என்றாள்.

வக்கீல் பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லாரும் பார்க்கிறார்கள், வாங்கித் தொலை என்றார். பாண்டு நின்றுவிட்டது. இங்கிலீஷ் தெரிந்த ரஷ்யப் பெண் ஒருத்தி மொழிபெயர்க்க வந்திருந்தாள். என்ன விஷயம் என்று அவள் வக்கீலிடம் கேட்டாள்.

“உப்பக் கையில வாங்குனா சண்ட வரும். இம்புட்டுத் தொல வந்து இந்தப் பொம்பள கூட எனக்கு எதுக்குச் சண்ட? அதச் சொல்லுங்க அவகிட்ட” என்றாள் பூமாரி.

இதை அப்படியே இங்கிலீஷில் சொல்லியிருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்கள், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். வக்கீல் சொல்லவில்லை. இந்தப் பெண்ணுக்கு வயிற்றுக் கோளாறு என்று சொல்லிவிட்டார். ஜினயீதா மொழிபெயர்ப்பைக் கேட்டாள், பூமாரியின் முகத்தைப் பார்த்தாள், பின்னால் கட்டியிருந்த கையைப் பார்த்தாள். பிறகு திரும்பி, துறையின் கைப்பிடிச் சுவர் மேல் ரொட்டியையும் உப்பையும் வைத்துவிட்டு ஓரடி தள்ளி நின்றாள். பூமாரி போய்ப் பெரிய துண்டாகப் பிய்த்து, உப்பில் நன்றாகத் தோய்த்துத் தின்றாள். அந்த அம்மாள் அவளைக் கட்டிப்பிடித்தபோது ஞானபூரணத்தின் ஸ்வெட்டரில் ரொட்டி மாவு ஒட்டிக்கொண்டது. பாண்டு மறுபடியும் வாசித்தது.

வக்கீலுக்கு வேண்டிய சாக்கு கிடைத்துவிட்டது. அதைத் தேடி அவர் அலையக்கூட வேண்டியிருக்கவில்லை, ஒரு ரொட்டி மேல் வைத்து நீட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் பூமாரிக்குப் பேச்சே இல்லை. தங்க வெங்காயம் கவிழ்த்தமாதிரி கூரை வைத்த பழைய மடத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கேதான் அந்த நாட்டு ராஜ வம்சம் ஒன்று ஆரம்பித்ததாம். வக்கீல் குறிப்பெடுத்துக்கொண்டே போனார், அவள் பின்னால் நடந்தாள். ஆலையைப் பார்த்தார்கள். ஆளிச்செடி நாரில் நெய்கிறார்கள். அவள் துணியைத் தேய்த்துப் பார்த்து, சாக்குக்குக் கொஞ்சம் மேல் என்று அண்ணாச்சியிடம் சொன்னாள். ஆலைக் கூட்டத்தில் பெண் நெசவாளர் சார்பாக அவள் பேசுவதாக அச்சடித்திருந்தது. அவள் எழுந்ததும் வக்கீல் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுத் தானே பேசினார். அவள் ஊரிலிருந்தே மனப்பாடம் பண்ணிக்கொண்டு போன பேச்சு. என்னைத்தான் எழுதித் தரச் சொன்னாள். பிடிக்காதவளுக்கு எழுதியதாக இருந்தாலும் நன்றாகவே எழுதியிருந்தேன். அது வீணாகப் போனதில் எனக்கும் அந்த ஆளின் மேல் கோபம் உண்டு.

திரும்பி வந்த வாரமே தேரடியில் பொதுக்கூட்டம் போட்டார். பயண அனுபவம் என்று ஆரம்பித்து நேராக உப்புக்கு வந்தார். பாட்டாளிப் பெண் அன்போடு நீட்டிய ரொட்டியை நம் ஊர்ப் பெண் தொடமாட்டேன் என்றாள், மூட நம்பிக்கையால் நம் மானம் வோல்கா ஆற்றில் கப்பலேறிவிட்டது, நான் தலைகுனிந்து நின்றேன் என்றார். சுவர் மேல் வைத்ததையும், அவள் தின்றதையும், கட்டிப்பிடித்ததையும் சொல்லவில்லை. கூட்டம் த்சு த்சு என்றது. அந்தக் கூட்டத்தில் ஒருத்தர்கூடத் தன் வீட்டில் உப்பைக் கையில் வாங்குகிறவர் கிடையாது. ஆனால் மைக்கில் ஒருவர் தலைகுனிந்தேன் என்றால் நாமும் குனிய வேண்டும் போல ஆகிவிடுகிறது.

கமிட்டியைக் கூட்டி அவளை நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். பூமாரி எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“உங்க வீட்டுல உப்பக் கையிலயா வாங்குதீங்க வக்கீலய்யா?”

அவர் வீட்டில் சமையல்காரி சாடியைத் தரையில் வைத்துத் தள்ளிவிடுவாள் என்பது ஊருக்கே தெரியும். இது தனி மனிதர் விஷயம், பேசக்கூடாது என்று அடக்கிவிட்டார்கள். நேரில் பார்த்த பெருமாள்சாமி அண்ணாச்சியைச் சொல்லச் சொன்னாள். அவர் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார். அவருக்கு வக்கீலிடம் ஒரு நிலத் தகராறு கேஸ் நடந்துகொண்டிருந்தது. தீர்மானம் நிறைவேறியது. அவள் நாற்காலியை எடுத்துக்கொண்டு போக வந்தபோது, சங்கத்துக்குள் வந்த பொருள் சங்கத்துக்குச் சொந்தம் என்று தடுத்துவிட்டார்கள். அதை மூலையில் போட்டு, அதன் மேல் தண்ணீர்ப் பானையை வைத்தார்கள். சங்க ஆபீஸ் ஜன்னல் தெருவைப் பார்த்தது. போகிற வருகிற எல்லாருக்கும் முதலில் பானை தெரியும், அதன் பின்னால் வெள்ளைப் பெயிண்டில் பூமாரி என்று தெரியும்.

ஊருக்கு ஒரு விளையாட்டு கிடைத்தது. பலசரக்குக் கடையில் அவள் போய் நின்றால், கடைக்காரர் வேண்டுமென்றே உப்புப் பொட்டலத்தைக் கையில் நீட்டிவிட்டுச் சுற்றி நிற்பவர்களைப் பார்ப்பார். உப்புப் பூமாரி என்று பேர் வைத்தார்கள். அண்ணன் வெளியே போகக் கூச்சப்பட்டு, சங்கத்துக் கூட்டம் பக்கமே தலைவைக்கவில்லை. வெளிநாட்டுக்குப் போய்ப் பேர் வாங்கி வந்தாயே என்று சாப்பிடும்போதெல்லாம் குத்தினான். நானும் சொல்லியிருக்கிறேன். அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. அந்தப் பெரிய வாய் மூடிக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. சண்டைக்கு ஆள் இல்லாத அடுப்படி எனக்குப் பழக்கமில்லை.

தினமும் பாவு நூல் வாங்கப் போகும்போது அவள் சங்க ஆபீஸ் ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு வழி இருந்தது, போகமாட்டாள். ஜன்னலுக்கு நேரே நின்று, பானை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள். ஒரு நாள் மட்டும் என்னிடம், எனக்குக் கமிட்டியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் ஏட்டி, அந்தப் பானையை மட்டும் இறக்கிவிட்டால் போதும் என்றாள். கூலி ஒப்பந்தங்கள் வக்கீலின் காபியோடு முடிந்துகொண்டே இருந்தன. யாரும் எதுவும் கேட்கவில்லை.

எண்பத்திரண்டில் அவர்கள் வந்தார்கள். கோஸ்த்ரமா ஆலையிலிருந்து ஒரு குழு தமிழ்நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தது, மதுரையிலிருந்து அரை நாளைக்குச் சங்கரன்கோவிலுக்கும் வருவதாக ஏற்பாடு. வக்கீல் அடுத்த தேர்தலில் நிற்கலாம் என்ற நினைப்பில் இருந்தார். கல்யாண மண்டபம் பிடித்து, மெட்ராஸ் பத்திரிகைக்காரர்களை வரவழைத்து, தெருவெல்லாம் தோரணம் கட்டினார். அவர்கள் ஊர் முறைப்படியே வரவேற்க வேண்டும் என்று பேக்கரியில் சொல்லிப் பெரிய ரொட்டி ஒன்று சுட வைத்தார். கோபத்தில்கூட எனக்குச் சிரிப்பு வந்தது. பூமாரி மண்டபத்துப் பக்கம் வரக்கூடாது என்று முதல் நாளே ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். நான் வரவேற்புப் பாட்டுப் பாடுகிற பிள்ளைகளோடு மேடையோரம் நின்றேன். அவள் வெளியே கேட்டுக்குப் பக்கத்தில், பூ விற்கிறவர்களோடு நின்றிருந்தாள். போகாதே என்றால் போகிறவள்தானே அவள்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் தங்கப் பல் அம்மாளைப் பார்த்ததும் எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. பூமாரி அவளை அத்தனை தடவை சொல்லியிருந்தாள். வக்கீல் வெள்ளித் தட்டில் ரொட்டியும் உப்பும் வைத்து நீட்டினார். ஜினயீதா பிய்த்து, தொட்டுத் தின்றாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். இந்தத் தடவை அவர்களோடு மாஸ்கோவில் தமிழ் படித்த ஓர் இளைஞர் வந்திருந்தார். புத்தகத் தமிழ், ஆனால் தெளிவான தமிழ். ஜினயீதா அவரிடம் ஏதோ சொன்னாள், அவர் மைக்கை வாங்கினார்.

“உப்பைக் கையில் வாங்காத அம்மையார் எங்கே இருக்கிறார்கள்?” என்றார்.

வக்கீல், அந்த அம்மாளுக்கு உடம்பு சரியில்லை என்றார். அன்றைக்கும் இந்த ஆளுக்கு வேறு பொய் தோன்றவில்லை. நான் பிள்ளைகளை விட்டுவிட்டு முன்னால் வந்து, பள்ளிக்கூடத்தில் கத்துகிற குரலில், பூமாரி கேட்டில் நிற்கிறாள், உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள் என்றேன். என் மைனிக்காகச் சொல்லவில்லை. நான் எழுதிய பேச்சுக்காகச் சொன்னேன்.

அவளை உள்ளே கொண்டுவந்தார்கள். தறிக்குழியிலிருந்து எழுந்து வந்த சேலை, தலையில் பஞ்சு. ஜினயீதா பைக்குள்ளிருந்து மரத்தில் கடைந்த ஒரு சின்ன உப்புப் பெட்டியை எடுத்தாள். மூடியில் பூ வேலை, உள்ளே அவள் ஊர் உப்பு. அதை எடுத்துக்கொண்டு பூமாரிக்கு நேரே வந்தாள். கையில் நீட்டவில்லை. குனிந்து தரையில் வைத்துவிட்டு, அன்றைக்குத் துறையில் நின்ற மாதிரி ஓரடி பின்னால் போய் நின்றாள். இளைஞர் அவள் சொல்லச் சொல்ல மைக்கில் சொன்னார். எங்கள் ஊரில் உப்பு சிந்தினால் சண்டை வரும் என்போம். அன்றைக்கு நீங்கள் கையைப் பின்னால் கட்டியதும் எனக்கு ஒன்று புரிந்தது, இவர் என்னோடு சண்டை வேண்டாம் என்கிறார் என்று. வயிற்றுக் கோளாறு என்று சொன்னார்கள், நான் நம்பவில்லை. இத்தனை வருஷம் எங்கள் ஆலையில் எல்லாருக்கும் உங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வயிற்றுக் கோளாறா என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. தேரடிக் கூட்டத்தில் த்சு த்சு என்ற அதே வாய்கள்தான். வக்கீலுக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் அவர் மேடையில் பழகியவர். எல்லாம் தன் ஏற்பாடு என்பது போலச் சிரித்துக்கொண்டே முன்னால் வந்து, குனிந்து அந்தப் பெட்டியை எடுத்தார், போட்டோகிராபரைப் பார்த்துத் திரும்பி, அதைப் பூமாரியிடம் நீட்டினார். மூடி சரிந்து உப்பு அவர் விரலெல்லாம் ஒட்டியிருந்தது. என்ன செய்கிறோம் என்று அவருக்கு உறைக்கவில்லை. மண்டபத்தில் மற்ற எல்லாருக்கும் உறைத்துவிட்டது. அவள் கையைப் பின்னால் கட்டப்போகிறாள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பூமாரி கையைச் சேலையில் துடைத்தாள். இரண்டு கையையும் நீட்டி, அவர் கையிலிருந்து அந்த உப்பை வாங்கினாள்.

“தெரிஞ்சுதான் வாங்குதேன் வக்கீலய்யா. காலையில சங்கத்துக்கு வாரேன்” என்றாள்.

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். வக்கீல் நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், விரலில் ஒட்டிய உப்பை வேட்டியில் துடைத்தார். போட்டோகிராபர் அதையும் எடுத்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நான் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தேன். உப்பு எடு மைனி என்றேன். அவள் அந்த மரப்பெட்டியை எனக்கு எட்டுகிற மாதிரி தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். நான் எடுத்துப் போட்டுக்கொண்டேன். குழம்பு கரித்தது என்று சாப்பிடும்போது சொன்னாள், பதிலுக்கு நானும் சொன்னேன், தூங்குகிற வரைக்கும் சண்டை போட்டோம்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் சங்க ஆபீஸ் ஜன்னல் முன்னால் நின்றேன். தெருவில் எனக்கு முன்பே பாதித் தறிக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே வக்கீல் உட்கார்ந்திருந்தார், கமிட்டி உட்கார்ந்திருந்தது. பூமாரி வந்தாள். யாரையும் கேட்கவில்லை. மூலைக்குப் போய்ப் பானையைத் தூக்கித் தரையில் வைத்தாள். நாற்காலியில் வட்டமாகத் துரு ஏறியிருந்தது. அதை இழுத்துக்கொண்டு வந்து, வக்கீலுக்கு நேர் எதிரே போட்டு, அந்தத் துருவின் மேலேயே உட்கார்ந்தாள்.